சீட் பெல்ட்டின் அடியில் இருந்த சேறு

மாருதி வேகன் ஆர் கார் வாங்குவது என்று முடிவான பிறகு, எந்த வருடத்து வண்டியை வாங்குவது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வாங்கிய அந்த ஒரு வண்டியை நான் நின்று பார்த்த நேரமோ நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் நான் தொலைத்த பணம் ரூ.3,80,000. கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். எனக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லை. கார் விஷயம் தெரிந்த ஒருவரும் அப்போது என் பக்கத்தில் இல்லை. விவரம் தெரிந்த யாராவது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த இரண்டு வார்த்தை உங்களுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை. அம்மா பாபநாசத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மாதம் இரண்டு முறையாவது தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும். வாடகைக் காரில் ஏறுவதற்குள் அம்மா படும் பாட்டைப் பார்த்துத்தான் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியது. வேகன் ஆரின் இருக்கை உயரமானது. கதவைத் திறந்து, முதுகைத் திருப்பி, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடலாம். குனிய வேண்டியதில்லை, எழும்போது கையை ஊன்ற வேண்டியதும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் அம்மாவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் மற்ற கார்களை மனதிலிருந்து எடுத்தேன். அந்தச் சோதனையை இன்றும் சரி என்றே சொல்வேன். வீட்டில் முடியாதவர் யாரோ, அவரை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் எந்தக் காரையும் முடிவு செய்யாதீர்கள்.

கையில் என் சேமிப்பு, கொஞ்சம் நகைக்கடன், வங்கியில் கிடைக்கக்கூடிய கடன் எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் வரை போகலாம் என்று கணக்கு. அந்தத் தொகைக்குள் மூன்று தலைமுறை வேகன் ஆரும் வந்துவிடும் என்பதுதான் சிக்கல். 2000-ஐ ஒட்டி வந்த முதல் தலைமுறை, 2010-இல் வந்த இரண்டாவது, 2019 ஜனவரியில் வந்த மூன்றாவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் மூன்றும் வேறு வேறு வண்டிகள்.

முதலில் பார்த்தது 2008-ஆம் வருட வண்டி. விலை ரூ.95,000. நான்கு சிலிண்டர் கொண்ட 1,061 சி.சி. எஞ்சின். பழசானாலும் அதிர்வில்லாமல் ஓடியது. உண்மையாகவே எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 15 வருடப் பதிவு முடிந்து, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். அது முடிந்தால் மறுபடியும் தகுதிச் சான்று, பசுமை வரி என்று அலைய வேண்டும். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கியும் கடன் தராது. காற்றுப்பை, ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இரண்டும் அதில் இல்லை. எட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அந்த வண்டியை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டாவது, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் 2014 வண்டி. 62,000 கிலோமீட்டர் ஓடியது, ரூ.2,60,000 கேட்டார். 998 சி.சி., மூன்று சிலிண்டர். நிறுத்தி வைத்திருக்கும்போது ஒரு சின்ன நடுக்கம் தெரியும். அது அந்த எஞ்சினின் இயல்பு, கோளாறு இல்லை. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் குத்தி வைத்திருந்தார். அகலம் 1,495 மில்லிமீட்டர்தான் என்பதால் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். டிக்கியில் அம்மாவின் சக்கர நாற்காலி மடக்கியும் போகவில்லை. அடிப்படை மாடல் என்பதால் இதிலும் காற்றுப்பை இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் தலைமுறையைப் பார்த்ததும் மற்ற இரண்டும் சின்னதாகத் தெரிந்தன. அகலம் 1,620 மில்லிமீட்டர், டிக்கி 341 லிட்டர். சக்கர நாற்காலி போய்விட்டது. 1 லிட்டர் எஞ்சினோடு 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் உண்டு. ஓட்டுநர் காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் அடிப்படை மாடலிலேயே வந்தன. இதை வைத்துக்கொண்டு அதைக் கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2019-இல் இந்த வண்டி வாங்கியது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். விதிகள் கடுமையான பிறகு 2023-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒன்று, குழந்தைகள் பாதுகாப்புக்குப் பூஜ்யம். இரண்டு முறையும் வண்டியின் உடற்கூட்டின் உறுதி போதாது என்றே சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் தேர்ந்தெடுத்தேன். ஊருக்குள்ளும் பாபநாசம் சாலையிலும் ஐம்பது, அறுபதில் போகிறவளுக்கு, ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று எண்ணினேன். நாற்கரச் சாலையில் தினமும் நூறில் போகிறவர்கள் வேறு முடிவு எடுக்க வேண்டும்.

புது வண்டியையும் கேட்டேன். 2024 தொடக்கத்தில் அடிப்படை மாடலின் ஷோரூம் விலை ரூ.5,54,000-ஐ ஒட்டி இருந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் என்பதால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம். அதுவே எழுபதாயிரத்தைத் தாண்டிவிடும். இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் சேர்த்து எனக்குச் சொன்ன தொகை ரூ.6,65,000. அவ்வளவு முடியாது என்று திரும்பிவிட்டேன். ஒன்றை மட்டும் அன்று கணக்குப் போடத் தவறினேன். பழைய வண்டிக் கடனுக்கு எனக்குச் சொன்ன வட்டி 14 சதவீதம், புது வண்டிக்கு 9. விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஐந்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்பதை எழுதிப் பாருங்கள். ஒரே தொகையைக் கடனாக எடுத்தால் இடைவெளி கொஞ்சம் குறையும்.

2024 ஜூனில் திருச்சியில் ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் 2019-ஆம் வருட 1.2 லிட்டர் வண்டி இருப்பதாகத் தரகர் ஒருவர் சொன்னார். வெள்ளை நிறம், சென்னைப் பதிவு. ஓடோமீட்டரில் 31,000 கிலோமீட்டர். ரூ.4,35,000. "ஒரே உரிமையாளர் ஓட்டிய வண்டி மேடம், சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது" என்றார். நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. போட்டு உள்ளே குளிரக் குளிர வைத்திருந்தார்கள். வெயிலில் வருகிறவளுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இன்று சொல்கிறேன்: பார்க்கப் போகும் வண்டியின் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும்தான் எஞ்சினின் உண்மை நிலை.

உள்ளே புத்தம் புது சீட் உறை. தரையில் புது விரிப்பு. மல்லிகை வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. இன்னொருவர் மாலை முன்பணத்தோடு வருகிறார் என்றார்கள். எனக்குப் படபடப்பு. 2014 வண்டிக்காரருக்குப் பதில் சொல்லவில்லையே என்ற குற்ற உணர்ச்சிகூட அந்த நேரத்தில் வரவில்லை. வங்கிக் கடன் ரூ.2,50,000 நேரே அவர்கள் சொன்ன கணக்குக்குப் போனது. மீதி ரூ.1,85,000-ஐ ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, பெயர் மாற்றம் முடிந்ததும் எல்லாக் காகிதமும் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தோம். பிறகு வாசனைத் திரவியம் தீர்ந்தது. பள்ளி வாசலில் பகல் முழுக்க வெயிலில் நின்ற வண்டியை மாலையில் திறந்தால் ஒரு வாடை. நான் டெல்டாவில் பிறந்தவள். ஆறு வற்றும்போது படுகையில் வரும் வண்டல் வாடை எனக்குத் தெரியும். அது காருக்குள் ஏன் வருகிறது என்று யோசிக்காமல், ஏ.சி. வடிகட்டியை மாற்றினேன். பின்கதவின் பூட்டு தானாகத் திறந்து மூடியது. ஏ.சி. காற்று நின்று நின்று வந்தது. பேட்டரி இரண்டு முறை இறங்கியது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோளாறு என்று நினைத்து, தனித்தனியாகச் சரிசெய்தேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு, அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் வரும்போது, அய்யம்பேட்டையைத் தாண்டி ஒரு வளைவில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. எதிரில் ஒரு லாரி. இரண்டு கையாலும் உடம்பின் பலத்தையெல்லாம் போட்டுத் திருப்பினேன். சாலையோரப் புல்லில் இறங்கி நின்றது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை; என் முழங்கையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை. எனக்குக் கை நடுக்கம் மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதும் இருந்தது.

முதல் மெக்கானிக் ஸ்டியரிங் மோட்டாரை மாற்றினார்: ரூ.28,000. அடுத்தவர் ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் மாற்றினார்: ரூ.11,000. சக்கர பேரிங்குகள் ஊளையிட ஆரம்பித்தன. பிரேக்கோடு சேர்த்து ரூ.14,000. ஏ.சி. காற்று மோட்டார் ரூ.6,500. ஸ்டியரிங் விளக்கு மட்டும் மறுபடியும் எரிந்தது. மூன்றாவதாகப் போனது ஒரு சின்னப் பட்டறை. அறுபது வயதுக்காரர். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. முன்கதவைத் திறந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். நாம் ஒரு நாளும் வெளியே எடுக்காத கடைசி ஒன்றரை அடி வெளியே வந்தது. அதில் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் காய்ந்த சேற்றின் பழுப்பு. "அம்மா, இது தண்ணீருக்குள் நின்ற வண்டி" என்றார். கீழே போட்டிருந்த புது விரிப்பை நீக்கி, பழைய தரைவிரிப்பின் ஓரத்தைக் கத்தியால் தூக்கினார். அடியில் பஞ்சு கறுத்து, இன்னும் ஈரமாக இருந்தது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு. ஸ்பேர் டயருக்குக் கீழே ஒரு கைப்பிடி மணல். அத்தனை மெக்கானிக்குகளுக்கும் பணம் கொடுத்த நான், அந்த பெல்ட்டை ஒரு முறைகூட முழுதாக இழுத்ததில்லை.

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதுதான் நம்மை ஏமாற்றுவது. வெள்ளத்தில் நின்ற கார் உடனே நின்றுவிடுவதில்லை. எண்ணெயை மாற்றி, உள்ளே காயவைத்தால் ஓடும், சோதனை ஓட்டத்தில் அருமையாக ஓடும். வயர்கள் ஒன்றோடு ஒன்று சேரும் முனைகளில் போன ஈரம்தான் எமன். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல அந்த முனைகளில் பச்சை பூக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகு இன்று பூட்டு, நாளை விளக்கு, மறுநாள் ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாகத் தொடர்பு அறும். மோட்டாரை மாற்றினால் தீராது, ஏனென்றால் கெட்டது மோட்டார் இல்லை. காற்றுப்பையின் மின்சுற்றும் இதே ஈரத்தில்தான் இருந்திருக்கும். விபத்தில் அது விரியும் என்று யாராலும் உறுதி தர முடியாது. நான் எந்தக் காற்றுப்பைக்காக 2014 வண்டியைத் தள்ளினேனோ, அதையே நம்ப முடியாத வண்டியில் பையனை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் காகிதங்களைப் பார்த்தேன். வாங்கும் முன் செய்திருக்க வேண்டியது. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் நான் மூன்றாவது உரிமையாளர். முதல் பெயர் சென்னை வேளச்சேரி முகவரி. இரண்டாவது பெயருக்கு மாறியது 2024 பிப்ரவரியில். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எப்படி மிதந்தன என்பதைத் தொலைக்காட்சியில் நானே பார்த்தவள். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். அந்த வருட மழையில் நின்ற வண்டிகள் அடுத்த ஆறு மாதத்தில் வேறு ஊர்களுக்குத்தான் விற்பனைக்கு வரும் என்ற சாதாரண யோசனை எனக்கு வரவில்லை. வேறு ஊர்ப் பதிவு, வெள்ளம் வந்த ஊர், வெள்ளத்துக்குப் பின் குறுகிய காலத்தில் பெயர் மாற்றம்: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். எத்தனையாவது உரிமையாளர் என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வண்டி எண்ணை வைத்து சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவைக் கேட்டபோது, 2023 அக்டோபரில் வந்த கடைசி சர்வீஸில் 47,000 கிலோமீட்டர் என்று இருந்தது. எனக்கு விற்றபோது காட்டியது 31,000. ஓடோமீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் பதிவை நம்புங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும்; இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி அது. ஒரே உரிமையாளர், சேதத்துக்கு இழப்பீடே கேட்டதில்லை என்றால் அது முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஐந்து வருட வண்டிக்குப் பூஜ்யம் என்று இருந்தால், ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று விற்பவர் காகிதத்தில் காட்ட வேண்டும். பாலிசி தொலைந்துவிட்டது என்பவரிடம் வாங்காதீர்கள்.

வழக்கறிஞரிடம் போனேன். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம் என்றார். ஆனால் என் கையில் விற்பனையாளர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் அந்த இரண்டாவது உரிமையாளர் கையெழுத்து. கடன் பணம் போனதும் அவர் கணக்குக்கு. ரொக்கத்துக்கு ஆதாரம் இல்லை. வாய்ச்சொல்லை வைத்து என்ன செய்வது? 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ரூபாயும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கிலோமீட்டர் எண்ணிக்கை, விபத்தோ வெள்ளமோ இல்லை என்ற உறுதிமொழி, இரண்டையும் அவர்கள் தலைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையானவர் எழுதித் தருவார். தயங்கினால் அதுவே பதில்.

வயரிங் முழுவதையும் பிரித்துச் சரிசெய்ய ரூ.34,000 செலவழித்தேன். தரையைக் கழற்றிக் காயவைக்க ரூ.4,500. இழுவை வண்டிக்கு இரண்டு முறை சேர்த்து ரூ.7,000. பழுதுக்கு மட்டும் ரூ.1,05,000. அப்போதும் டிசம்பரில் பள்ளிக்கு எதிரே அணைந்து நின்றது. அதோடு அதில் அம்மாவை ஏற்றுவதை நிறுத்தினேன். பாபநாசத்தில் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, மாதத் தவணையையும் வாடகைக் காரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து மாதம்தான் எனக்கு மிகவும் கசந்தது. இடையில் 2014 வண்டிக்காரருக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுவாரமே விற்றுவிட்டதாகவும், வாங்கியவர் கும்பகோணத்தில் இன்றும் ஓட்டுவதாகவும் சொன்னார்.

2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனது. அதற்கு முன் வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து 29. அடிப்படை வேகன் ஆரின் ஷோரூம் விலை ரூ.4,98,900-க்கு வந்தது. ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டதால் ஆயுள் வரியும் 12 சதவீதம். கணவர் அந்த வருடப் பயணத்தை ரத்து செய்து டிக்கெட் பணத்தையும் அனுப்பினார். அக்டோபரில் புது வண்டியை எடுத்தேன். 1 லிட்டர் எஞ்சின், லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்கிறார்கள். எங்கள் சாலையில் 20 கிடைக்கிறது. அதிக விலை மாடலில் இருக்கும் திரையும் கேமராவும் இல்லை, எனக்குத் தேவையும் இல்லை. எல்லாரும் புதிதுதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வங்கி அதிகாரியின் கோப்பு இன்று என் முன்னால் வந்தால் பத்து வருட வண்டியையும் தயங்காமல் வாங்குவேன்.

நவம்பரில் பழைய வண்டிக்கு ஆள் வந்தார். உதிரி பாகம் பிரித்து விற்பவர். வெள்ளத்தில் நின்றது என்று முதல் வரியிலேயே எழுதித்தான் ஒப்பந்தம் போட்டேன். அதைப் படித்துவிட்டு, கேட்ட விலையில் இருபதாயிரத்தைக் குறைத்து, ரூ.1,60,000-ஐ வங்கி வழியாக அனுப்பினார். இழுவை வண்டியில் ஏற்றும்போது மெக்கானிக் ரசீதுகள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். ஸ்டியரிங் மோட்டார் புதிது, அதை நல்ல விலைக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன்.